காலி டேங்குக்குள் இறங்கப் போகும் மகனுக்கு

ஜெனிஷ், நேற்று நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபத்தினால் அல்ல. உன்மேல் கோபப்படும் உரிமை எனக்கு இல்லை என்று உன் பெரியம்மா தீர்ப்பு எழுதி ரொம்ப காலமாகிறது. அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் பழகிவிட்டேன். ஃபஹாஹீலில் வேலை, எண்ணெய் டேங்குகளைச் சுத்தம் செய்யும் கம்பெனி, சூப்பர்வைசர் பதவி, உனக்குக் கீழே ஒரு கேங், வருகிற வாரம் முதல் டூட்டி என்று எல்லாவற்றையும் சந்தோஷமாகத்தான் சொன்னாய். நான் கவனமாக இரு என்றேன். எல்லா அப்பன்களும் சொல்கிற வெறும் வார்த்தைதான் அது. அதற்கு நீ சொன்ன பதிலை ராத்திரியெல்லாம் அசைபோட்டுக்கொண்டிருந்தேன். "நீங்க செஞ்சத நான் செய்ய மாட்டேன்ப்பா. எனக்க ஆளு உள்ள கெடந்தா நான் எறங்குவேன்." சொல்லிவிட்டு நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டாய். குவைத்தில் நெட்வொர்க்குக்கு என்ன கேடு வந்தது என்று எனக்குத் தெரியாதா.

போனில் மறுபடியும் பேசினால் மறுபடியும் நெட்வொர்க் கெட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன். தாளில் எழுதி, ரூமில் இருக்கிற தம்பியை விட்டு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்வேன். என் கையெழுத்தைப் பார்த்து நீ சிரிப்பாய். சிரித்துக்கொண்டே படி, ஆனால் முழுவதையும் படி. உன் வின்சென்ட் மாமா செத்த நாளைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னது. நான் சொன்னது ஒன்றுமில்லை. நான் மன்னிப்புக் கேட்பேன் என்று நீ இவ்வளவு காலம் காத்திருந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் அது இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை தேடி ஏமாற வேண்டாம்.

நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார் என்று பெருமையாகச் சொல்வாய். எந்தெந்த நாட்டுக்குப் போயிருக்கிறார் என்று பையன்கள் கேட்பார்கள். நீ லீவுக்கு வரும் என்னிடம் வந்து கேட்பாய். நான் ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். என் கப்பல்கள் எந்த நாட்டுக்கும் போவதில்லை ஜெனிஷ். அரசாங்கம் ஆபத்துக்கு உதவும் என்று வாங்கி நிறுத்திவைத்திருக்கிற கப்பல்கள் அவை. ரிசர்வ் கப்பல் என்போம். துறைமுகத்தின் ஆளில்லாத மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக் கட்டிப்போட்டிருக்கும். ஆள் குடியிருப்பதில்லை, சமையல் இல்லை, விளக்குகூடப் பாதிதான் எரியும். ஆனால் கூப்பிட்டால் சில நாட்களில் புகை விட்டுக்கொண்டு புறப்பட வேண்டும். அப்படிப் புறப்படுகிற நிலையில் அதன் வயிற்றை வைத்திருப்பதுதான் எங்கள் வேலை. எந்தத் துறைமுகம், யாருடைய கப்பல் என்று வெளியே சொல்லக் கூடாதென்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், மகனுக்கும் சொல்லப்போவதில்லை. நாங்கள் தங்கியிருக்கிற முசஃபா லேபர் கேம்ப்பிலிருந்து வெள்ளை வேனில் ஏறிப் போவோம், சாயங்காலம் திரும்பி வருவோம். இத்தனை வருடத்தில் அந்தக் கப்பல்களில் ஒன்று நகர்ந்து நான் பார்த்ததில்லை.

ஓடுகிற கப்பலைவிட நிற்கிற கப்பல்தான் சீக்கிரம் கெட்டுப்போகும். பாய்லருக்குள் இருக்கிற தண்ணீரில் காற்று கலந்திருக்கும், அந்தக் காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன் உட்கார்ந்த இடத்திலிருந்தே இரும்பைத் தின்னும். அதனால் பாய்லரை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பி, ஆக்ஸிஜனைக் கொல்கிற கெமிக்கலை ஊற்றிவைப்போம். தண்ணீரின் காரம் குறையாமல் பார்த்துக்கொள்வோம். இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீருக்கு வேறு மருந்து, கடல் தண்ணீர் ஓடுகிற குழாய்களில் சிப்பி பிடிக்காமலிருக்க வேறு மருந்து. ஒவ்வொரு இடத்திலும் சாம்பிள் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். பாய்லர் தண்ணீர் என்றால் ரோஜாப்பூ நிறத்துக்கு மாறும். அந்த நிறம் வந்தால் மனசுக்கு ஒரு நிம்மதி. உன் மாமா இதைப் பார்த்துவிட்டு முதல் வாரமே கேட்டான், "அத்தான், இது கப்பலா ஆஸ்பத்திரியா? டெய்லி ரத்தம் எடுக்கோம், ஊசி போடுகோம், நோயாளி மட்டும் எந்திச்சு நடக்க மாட்டேங்கான்." வேனில் எல்லாருக்கும் ஹிந்தியில் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தான்.

வின்சென்ட்டை இங்கே கொண்டுவந்தது நான்தான். தம்பிக்காக உன் அம்மா கேட்டுக்கொண்டாள், நானும் விரும்பித்தான் செய்தேன். ஊரில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவன், கடலுக்குப் பயந்தவனே கிடையாது. திருவிழா சப்பரத்துக்கு முன்னால் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் ஆடியது உனக்கு ஞாபகமிருக்கும். எனக்கு ஆடத் தெரியாது, அதனால் சப்பரத்துக்குப் பின்னால் நடந்து வருவேன். நீ அவனுடைய பிள்ளை என்றுதான் பாதிப் பேர் நினைப்பார்கள். எனக்கு அதில் பொறாமை இருந்தது. இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய்.

வேலையில் அவனுக்கு ஒரு குறை இருந்தது, எதையும் உடனே முடித்துவிட வேண்டும். நான் அவனைத் திட்டித் திட்டிப் பழக்கினேன். கெமிக்கல் டிரம்மைத் திறக்கும்போது கையுறை போடு, கண்ணாடி போடு, ரப்பர் மாஸ்க் போடு என்று கத்துவேன். இரண்டு பக்கமும் வடிகட்டி டப்பா வைத்த மாஸ்க் அது. ஆக்ஸிஜனைக் கொல்கிற அந்தப் பழைய மருந்து மனிதனையும் சும்மா விடாது, டிரம்மில் மண்டையோடு படம் போட்டிருக்கும். "மாஸ்க் மாட்டிட்டா பயப்படாண்டாம்" என்று அவனிடம் சொன்னது நான்தான். டிரம்முக்கு முன்னால் நிற்கும்போது அது உண்மை. எங்கள் வேலையில் இருக்கிற எல்லாருக்கும் உள்ள பழக்கம் இது. டிரம்மைக் கண்டால் பயப்படுவோம், நாற்றம் அடித்தால் பயப்படுவோம், ஒன்றுமில்லாத இடத்தைக் கண்டு பயப்பட மாட்டோம்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கப்பலில் பாய்லருக்குத் தண்ணீர் சேமிக்கிற டேங்கில் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. குழாய்களில் ஒழுகல் இல்லை. அப்படியானால் பக்கத்தில் இருக்கிற காலி டேங்குக்குள் ஒழுகிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் காலி டேங்க் கப்பலின் அடியில், பல வருடமாக மூடி முறுக்கியே கிடந்தது. அதன் மூடியைக் காலையில் கழற்றினோம். ஆள் நுழைகிற அளவு ஒரு வட்ட ஓட்டை, கீழே இரும்பு ஏணி. டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் கொஞ்சம் தண்ணீர் மினுங்கியது. முறை என்னவென்றால், முதலில் ப்ளோயர் போட்டு வெளிக்காற்றை மணிக்கணக்கில் உள்ளே ஊத வேண்டும். பிறகு மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கி உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மனிதன். ப்ளோயர் குழாயைக் கொண்டுவர நானும் ரஃபீக்கும் மேல்தளத்துக்குப் போனோம். ரஃபீக் பெஷாவர்க்காரர், எங்கள் கேங்கில் நல்ல பலசாலி. வின்சென்ட்டிடம் ஓட்டைக்குப் பக்கத்திலேயே இரு, யாரையும் விடாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

யாரையும் அவன் விடவில்லை. அவனே இறங்கினான். ஏன் இறங்கினான் என்று உன் அம்மா என்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். சாம்பிள் எடுக்கத்தான். அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால், ரோஜா நிறம் வந்தால் எங்கள் பாய்லர் தண்ணீர், வராவிட்டால் கடல் தண்ணீர். ஒழுகல் எங்கே என்ற கேள்விக்கு அந்த ஒரு பாட்டிலில் பதில் இருந்தது. அத்தான் ஏறி இறங்கி வருவதற்குள் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். பயமில்லாதவன் என்றாலும் முட்டாள் அல்ல, ரப்பர் மாஸ்க்கை ஒழுங்காக மாட்டிக்கொண்டுதான் இறங்கினான். வாரை இறுக்கியிருந்தான். நான் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் செய்திருந்தான்.

அந்த மாஸ்க் கெட்ட காற்றை வடிகட்டும். காற்றே இல்லாத இடத்தில் அது எதை வடிகட்டும்? மூடிக் கிடந்த அந்த வருடங்களில் டேங்கின் சுவரெல்லாம் துருப்பிடித்திருந்தது. துருப்பிடிப்பது என்றால் இரும்பு ஆக்ஸிஜனைத் தின்கிறது என்று அர்த்தம். உள்ளே இருந்ததையெல்லாம் தின்று முடித்திருந்தது. பாய்லருக்குள் அந்த ஆக்ஸிஜன் இருக்கக் கூடாதென்று நாங்கள் தினமும் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம், பக்கத்து அறையில் அது இல்லாமல் போனதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. விஷம் இல்லை, நாற்றம் இல்லை, புகை இல்லை. இரண்டு மூச்சு இழுத்தால் கால் மடங்கும். அவ்வளவுதான்.

நான் மீட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்தேன். ஓட்டைக்குப் பக்கத்தில் அவன் இல்லை. குனிந்து பார்த்தேன். ஏணிக்குக் கீழே பக்கவாட்டில் கிடந்தான், டார்ச் எரிந்துகொண்டிருந்தது, பாட்டில் தண்ணீரில் மிதந்தது. நான் யோசிக்கவில்லை. யோசித்துக் கணக்குப் போட்டு நின்றுவிட்டேன் என்று ஊரில் சொன்னார்கள் அல்லவா, அது பொய். நான் வலது காலை உள்ளே விட்டேன். இடது காலும் ஏணியில் பட்டது. இடுப்புவரை இறங்கிவிட்டேன். அப்போது தோளில் கிடந்த மீட்டர் ஓட்டைக்குள் தாழ்ந்து, கத்த ஆரம்பித்தது. அதன் சத்தம் உனக்கு இன்னும் தெரியாது, அடுத்த வாரம் தெரிந்துகொள்வாய். காதுக்குள் ஊசி ஏற்றுகிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டதும் என் கை என்னை மேலே தூக்கிப்போட்டது. அதற்கு முன்பும் பின்பும் என் கைகள் என் மனதைக் கேட்காமல் எதுவும் செய்ததில்லை.

பின்னாலேயே ரஃபீக் வந்தார். எட்டிப் பார்த்தார், குழாயைக் கீழே போட்டார், இறங்கப் போனார். நான் ஓட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சோடோ பாய், வோ மர் ஜாயேகா." விடு, அவன் செத்துப்போவான் என்று. நான், "கோயி நஹீ ஜாயேகா. கலாஸ்" என்றேன். யாரும் போக வேண்டாம், முடிந்தது. அவர் என்னை அடித்தார். கன்னத்திலும் அடித்தார், நெஞ்சிலும் அடித்தார். நான் ஓட்டையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டே இருந்தேன். முதுகில் காற்று சிலிண்டர் மாட்டி இறங்குகிற செட் அந்தக் கப்பலில் இல்லை, வரிசையின் கடைசிக் கப்பலில் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு ஆட்கள் ஓடி வரும்வரை நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் அவனைத் தூக்கினார்கள். உயிர் இல்லை.

இனி எழுதப்போவதை உன் அம்மாவிடம் சொல்லாதே. நான் அங்கே உட்கார்ந்தபோது வின்சென்ட் செத்திருக்கவில்லை. எனக்குக் கீழே, மாஸ்க்குக்குள்ளிருந்து, குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. விட்டுவிட்டு வந்தது. அப்புறம் இடைவெளி கூடியது. அப்புறம் வரவில்லை. ரஃபீக் கத்திக்கொண்டிருந்ததால் அவருக்கு அது கேட்கவில்லை, எனக்கு மட்டும்தான் கேட்டது. இன்றைக்கும் ரூமில் யாராவது குறட்டை விட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ரூம்காரர்கள் என்னை வேடிக்கை மனிதன் என்று நினைக்கிறார்கள். நான் லீவுக்கு வந்தபோது நீ கேட்டாயே, அப்பா ஏன் மொட்டை மாடியில் போய்ப் படுக்கிறார் என்று. உன் அம்மா லேசாகக் குறட்டை விடுவாள், அதனால்தான்.

உடலோடு ஊருக்கு வந்தது நான்தான். எனக்கு முன்பே செய்தி வந்துவிட்டிருந்தது. கேம்ப்பில் இருந்த நம் ஊர்க்காரர்கள் போனில் சொன்னது இவ்வளவுதான், மச்சினன் உள்ளே கிடந்தான், இவன் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் யாரும் என் பக்கத்தில் நிற்கவில்லை. உன் பெரியம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டு, எல்லாரும் கேட்கும்படி, "அப்பனுக்க புத்தி மட்டும் இவனுக்கு வரப்பிடாது மாதாவே" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். பள்ளிக்கூடப் பையனுடைய பார்வை இல்லை அது. அன்று சாயங்காலம் உன் அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னாள், "நீங்க செஞ்சது சரியாத்தான் இருக்கும். எனக்கு அது தெரியாம இல்ல. ஆனா எனக்க முன்னால இருந்து சாப்பிடாதிங்க." அன்றிலிருந்து லீவுக்கு வந்தால் நான் அடுக்களையில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவளும் நானும் ஒரே ஆளைத்தான் இழந்தோம், ஆனால் சேர்ந்து அழ எங்களுக்கு வாய்க்கவில்லை.

ரஃபீக் அதன்பிறகு ரொம்ப காலம் என்னோடு பேசவில்லை. ஒரே வேன், ஒரே கேங், முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் பெருநாள் வந்தால் ஒரு கிண்ணத்தில் பால் சேமியா கொண்டுவந்து என் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். போன வருடம் ஒரு நாள் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். பையை மாட்டிக்கொண்டு ஒரு பையன். "மேரா சோட்டா வாலா, பாய். ஸ்கூல் ஜானே லகா." கடைசிப் பிள்ளை, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறான். அந்தப் பிள்ளை அந்த நாளுக்குப் பிறகு பிறந்தவன். அன்றைக்கு டீயை ரஃபீக்தான் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ தைரியசாலி என்று எனக்குத் தெரியும், மாமாவின் சாயல் உனக்கு நிறைய உண்டு. அதுதான் என் பயம். உன்னிடம் ஒரு கேங்கை ஒப்படைத்திருக்கிறார்கள். சில பேர் பீகார், சில பேர் நேபாளம், ஒன்றிரண்டு நம் பக்கத்துப் பிள்ளைகள். என்றைக்காவது ஒருவன் உன் பேச்சைக் கேட்காமல் இறங்குவான். நல்லவனாகத்தான் இருப்பான், வேலையைச் சீக்கிரம் முடித்து உன்னிடம் நல்ல பேர் வாங்க நினைப்பவனாக இருப்பான். அவன் கீழே கிடப்பதை நீ பார்ப்பாய். அப்போது உனக்குள்ளே இருக்கிற நல்ல குணமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உன்னைக் கீழே தள்ளும். அவனைத் தூக்க நீ இறங்குவாய், உன்னைத் தூக்க இன்னொருவன் இறங்குவான். அப்படி ஒரே டேங்கில் மூன்று பேரை வரிசையாகத் தூக்கி வைத்ததை வேறு ஒரு துறைமுகத்தில் பார்த்தவர்கள் எங்கள் வேனில் இருக்கிறார்கள். கடைசியாகக் கிடந்தவன் முகத்திலும் அவசரம்தான் இருந்ததாம்.

முதல் நாளே கேள், சிலிண்டர் செட் எங்கே என்று. ஸ்டோரில் இருக்கிறது, ஆபீஸில் இருக்கிறது என்பார்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் அது இல்லாததுதான். அது வரும்வரை மூடியைக் கழற்ற விடாதே. மேனேஜர் யல்லா யல்லா, சீக்கிரம் சீக்கிரம் என்று கத்துவான், கத்தட்டும். விசாவைக் கேன்சல் பண்ணுவேன் என்பான், பண்ணட்டும், ஊருக்கு வா. ஊருக்கு வந்தால் என்னோடு அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிடலாம், எனக்கும் துணை ஆகும். எனக்கும் இதுதான் கடைசிக் கான்ட்ராக்ட், மூட்டு இப்போது கப்பல் ஏணியை ஒத்துக்கொள்வதில்லை. உன் ஆட்களிடம் மாஸ்க்கைப் பற்றிச் சொல். வடிகட்டுகிற மாஸ்க் வேறு, காற்று கொடுக்கிற மாஸ்க் வேறு என்று அவர்கள் பாஷையில், அவர்கள் திருப்பிச் சொல்லும்வரை சொல். நான் ஒருவனிடம் பாதியைத்தான் சொல்லியிருந்தேன்.

அத்தனையும் செய்த பிறகும் ஒருவன் உள்ளே விழுந்தால், ஓட்டையின்மேல் உட்கார். அடிப்பார்கள். சட்டையைக் கிழிப்பார்கள். கீழேயிருந்து சத்தம் வரலாம். காதைப் பொத்தாதே, இரண்டு கையும் விளிம்பைப் பிடிக்க வேண்டும். அதன்பிறகு உனக்கு ஊரில் என்ன பெயர் வரும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீயே அதை எனக்குப் பல வருடம் வைத்திருந்தாய். உன் மனைவியாக வரப்போகிறவள் உன்னைத் தனியாகச் சாப்பிடச் சொல்லக்கூடும். ஆனால் நீ சாப்பிடுவாய், உன்னோடு நின்ற இன்னொருவன் வீட்டில் ஒரு பிள்ளை பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்.

என்னை மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை, நீ என்னைப் பார்க்க வர வேண்டும் என்றும் கேட்கவில்லை. பெரியம்மா அன்றைக்கு மாதாவிடம் வேண்டிக்கொண்டாளே, அது மட்டும் பலிக்கக் கூடாது என்று நான் இத்தனை வருடமாக ஞாயிறுதோறும் கோயிலில் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பனுக்க புத்தி உனக்கு வரட்டும். கீழே கிடப்பது யாராக இருந்தாலும் இறங்காதே. நானாகவே இருந்தாலும், குறட்டை மாதிரி ஒரு சத்தம் கேட்டாலும், நீ மேலேயே உட்கார்ந்திரு மக்கா.

அப்பா